இரண்டு றங்குப்பெட்டிக்கு நடுவிலை

கன வருசம் ரீச்சராய் இருந்தவள் நான். வருசத்துக்கு மூண்டு தரம் தேர்ச்சி அறிக்கை எழுதவேணும். கணக்கு, தமிழ், சுகாதாரம் எல்லாத்துக்கும் கீழை, கடைசி வரியிலை ‘நடத்தை’ எண்டு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள்ளை நான் எல்லாருக்கும் ‘மிக நன்று’ எண்டுதான் எழுதினனான். வாங்கு மேசைக்கு மேலை ஏறிக் குதிக்கிறவளுக்கும் அதுதான், வாயே திறவாதவளுக்கும் அதுதான். அதிபருக்கு விசர் வரும். “ரீச்சர், உங்கடை வகுப்பிலை மட்டும் நாப்பதும் தங்கமோ?” எண்டு கேப்பா. பக்கத்து வகுப்பு ரீச்சர், “உவவின்ரை பேனைக்கு வேறை ஒண்டும் எழுதத் தெரியாது” எண்டு பகிடி பண்ணுவா. நானும் சேர்ந்து சிரிச்சுப்போட்டு அடுத்த அறிக்கையை எடுப்பன்.

காரணம் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. சொல்லப்போனால், ஒருகாலத்திலை எனக்கு ஒருத்தர் எழுதித் தந்த ‘மிக நன்று’வைப் பற்றியும் சொல்லவேண்டி வரும். எனக்கு அது வெக்கம். இப்ப வயசு போட்டுது, வெக்கம் போகேல்லை. எண்டாலும் எழுதுறன்.

நான் கொடிகாமத்துப் பிள்ளை. அறுபதுகளின்ரை கடைசியிலை, பத்தாம் வகுப்புக்கு, அம்மா என்னை வடமராட்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டிலை கொண்டுபோய் விட்டவ. பேர் வேண்டாம். பெண்பிள்ளையள் மட்டும் படிச்ச சைவப் பள்ளிக்கூடம், வளவுக்குள்ளையே விடுதி. அப்பா கொழும்பிலை ஒரு கந்தோரிலை கிளாக்கர். லீவுக்கு வரேக்கை நெத்தி நிறையத் திருநீறோடைதான் றெயிலாலை இறங்குவர். ஊரிலை எங்களுக்கு நல்ல சைவக்காரர் எண்டு பேர்.

அந்தப் பேருக்கு எங்கடை பகுதியிலை என்ன அர்த்தம் எண்டதையும் சொல்லிப்போட வேணும். மச்சம் சாப்பிடாத ஆக்கள் எண்டு நினைச்சுப்போடாதேங்கோ. மீன், இறைச்சி, முட்டை எல்லாத்துக்கும் நாங்கள் சொல்லுறது மச்சம். மச்சத்துக்கு வேறை சட்டி, மரக்கறிக்கு வேறை சட்டி வைச்சிருக்கிற ஆக்கள்தான் எங்கடை ஊரிலை நல்ல சைவக்காரர். மச்சச் சட்டி குசினிக்கு வெளியிலை, வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கத்துத் தாவாரத்திலை கவிண்டுகிடக்கும். வெள்ளி, செவ்வாய், விரத நாளிலை அதைக் கண்ணாலையும் பாக்கிறதில்லை. மற்ற நாளிலை இறக்கிச் சமைச்சு, சப்புக்கொட்டிச் சாப்பிட்டு, சாம்பல் போட்டு மினுக்கித் திருப்பிக் கவிட்டு வைச்சால் நாங்கள் சைவம். அப்பா கொழும்பிலை இருந்து மாசிக் கருவாடு கொண்டருவர். கடுதாசி சுத்தி, துவாயாலை சுத்தி, சாமிப்படத்துக்கு வாங்கின ஊதுபத்தியோடை ஒரே பெட்டியிலைதான் அதுவும் வரும்.

விடுதியிலை ஒரே சட்டி, மரக்கறிச் சட்டி. கத்தரிக்காய், பூசணிக்காய், பருப்பு. அடுத்த நாள் பூசணிக்காய், பருப்பு, கத்தரிக்காய். எனக்கு அது தொண்டையாலை இறங்காது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா பாக்க வரேக்கை நான் மூஞ்சையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிப்பன்.

என்ரை கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்காரி வடக்குக் கடற்கரைப் பிள்ளை. தகப்பன், மாமன்மார் எல்லாரும் கடலுக்குப் போற ஆக்கள். அவளின்ரை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லை. சரியான கெட்டிக்காரி எண்டு அங்கத்தைய வாத்தியார் எழுதிக் குடுத்ததாலை இஞ்சை எடுத்தவை. அந்த விடுதிக்குக் கடற்கரையிலை இருந்து வந்த முதல் பிள்ளை அவள்தான். எடுக்கேக்கை, விடுதியைப் பாத்துக்கொண்ட மேற்றன் அம்மா அவளின்ரை தாயைக் கூப்பிட்டு, “மச்ச வாடை இந்த வாசலுக்குள்ளை வரப்படாது” எண்டு சொன்னவவாம். என்ரை அம்மாவிட்டை அப்பிடி ஒருத்தரும் சொல்லேல்லை.

அவளுக்கு நேர்ஸ் ஆக வேணும். தாய்க்குப் பிள்ளை பிறந்த நேரம் ஆசுப்பத்திரியிலை பத்து நாள் கூட நிண்டவள். அங்கை வெள்ளைச் சட்டையோடை கட்டிலுக்குக் கட்டில் நடந்த ஒரு நேர்ஸைப் பாத்திட்டு, இதுதான் என்ரை வேலை எண்டு முடிவெடுத்திட்டாளாம். அதுக்கு விண்ணப்பிக்க ரண்டு வேணும். மார்கழிச் சோதினைப் பெறுபேறு ஒண்டு, அதிபர் தாற நற்சாட்சிப் பத்திரம் மற்றது. பத்திரத்திலை நடத்தை எண்ட இடத்திலை ‘மிக நன்று’ இல்லாட்டில் கூப்பிடவே மாட்டினம் எண்டு ஆரோ அவளுக்குச் சொல்லியிருக்கினம். “சோதினை என்ரை கையிலை. மற்றது அவையின்ரை கையிலை” எண்டு அடிக்கடி சொல்லுவாள்.

அதாலை அவளின்ரை நடப்பே வேறை. எங்களுக்கு முதல் எழும்புவாள். பூசணிக்காயை முகம் சுழிக்காமல் சாப்பிடுவாள். படலையடியிலை நிண்டு றோட்டைப் பாக்க மாட்டாள். மாமரத்துக்குக் கல்லெறியிற நேரத்திலை அவளை அந்தப் பக்கமே காணேலாது. “என்னடி, சாமியாராப் போப்போறியோ?” எண்டு நான் நக்கலடிப்பன். ஒருநாள் அவள் புத்தகத்தாலை தலையை நிமித்தாமல் சொன்னாள்: “நீ பிழை விட்டால் பகிடி. நான் விட்டால் கதை முடிஞ்சுது.” எனக்கு அது விளங்கேல்லை. பெரிய றாங்கிக்காரி, தலைக்கனம் பிடிச்சவள் எண்டு நினைச்சன்.

எங்களுக்கு அப்ப நல்ல பிள்ளை எண்டால் ஆர் எண்டு ஒரு கணக்கு இருந்தது. எண்ணெய் வைச்சு ரெட்டைப் பின்னல், குனிஞ்ச தலை, எதுக்கும் “ஓம் அம்மா”. தேவாரம் பாடேக்கை கண்ணை மூடவேணும். இது எல்லாம் எனக்கு நல்லா வரும். வருசத்துக்கு ஒரு பிள்ளைக்கு நல்லொழுக்கப் பரிசு எண்டு வெள்ளிக் குங்குமச் சிமிழ் ஒண்டு குடுப்பினம். அந்த வருசம் அது எனக்கு, இல்லாட்டில் அவளுக்கு எண்டு பெட்டையள் கதைச்சுக்கொண்டவை. எனக்கு அந்தச் சிமிழிலை ஒரு கண் இருந்தது, மறைக்கேல்லை.

ஐப்பசி முடியிற நேரம், மாரி துடங்கின கையோடை, கந்தசட்டி விரதம் வந்தது. ஆறு நாள் விரதம், ஏழாம் நாள் காலமை பாறணைச் சாப்பாடு. விடுதியிலை எல்லாரும் ஒரு நேரம் சாப்பிட்டுப் பிடிப்பினம். ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எண்டு பிடிக்கிற ஆக்கள் ஆர் எண்டு மேற்றன் அம்மா கேட்டவ. அவள் கையை உயத்தினாள். அவள் உயத்தினதைக் கண்டிட்டு நானும் உயத்தினன். வேறை ஒரு பக்தியும் இல்லை.

விரதத்துக்கு முந்தின சனிக்கிழமை ரண்டு தாய்மாரும் வந்தவை. அவளின்ரை தாய் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடை விறாந்தைக்கு வெளியிலையே நிண்டு, மேற்றன் அம்மாவிட்டை, “குளிச்சு, வேறை சீலை மாத்திக்கொண்டுதான் வந்தனான் அம்மா” எண்டு சொன்னவ. ஒருத்தரும் கேக்காமல் அவவாச் சொன்னவ. என்ரை அம்மா நேரை உள்ளை வந்து, கட்டிலிலை இருந்து, பைக்குள்ளாலை ஒரு போத்தலை எடுத்து என்ரை மடியிலை வைச்சா. மாசிச் சம்பல். செத்தல் மிளகாயும் வெங்காயமும் மாசியும் போட்டு எண்ணெயிலை வதக்கினது, பழுதாகாது. போத்தல் வாயை என்ரை பழைய பச்சைப் பூப்பாவாடையிலை கிழிச்ச துணியாலை கட்டியிருந்தா. “விரதம் துடங்க முந்தி முடிச்சுப்போடு பிள்ளை. மிஞ்சினால் கோடியிலை கொட்டு” எண்டு காதுக்குள்ளை சொன்னவ. நான் அரைவாசி முடிச்சன். மிச்சத்தைக் கொட்ட மனம் வரேல்லை.

முதல் நாள் பெரிய வீரம். ரண்டாம் நாள் தலை சுத்திச்சுது. மூண்டாம் நாள் சின்னப் பிள்ளையளுக்குத் தேத்தண்ணியோடை குடுக்கிற பேக்கரிப் பாணின்ரை மணம் வந்து என்னைக் கொண்டுபோட்டுது. பக்கத்திலை அவள் ஒரு கோப்பை பாலைக் குடிச்சுப்போட்டு இரசாயனம் பாடமாக்கிக்கொண்டிருக்கிறாள். அவளைப் பாக்க எனக்குக் கோவம் கோவமா வந்தது.

நாலாம் நாள் பின்னேரம், எல்லாரும் பக்கத்துக் கோயிலுக்குப் பூசைக்கு வெளிக்கிட, நான் தலையிடி எண்டு படுத்திட்டன். “விரதக் களை. படு பிள்ளை, நீ படு” எண்டு மேற்றன் அம்மா என்ரை நெத்தியைத் தடவிப்போட்டுப் போனா. காலடிச் சத்தம் அடங்க எழும்பினன். சின்னப் பிள்ளையள் மிச்சம் விட்ட பாண் துண்டு ரண்டை முதலே எடுத்துத் தலகணிக்குக் கீழை வைச்சிருந்தனான், அதுதான் என்ரை தலையிடி. போத்தலைத் திறந்து, கையாலையே அள்ளிப் பாணிலை வைச்சுத் தின்னத் துடங்கினன். கோதாரி, அந்த ருசியை இண்டைக்கும் சொல்லுவன். பொய் சொல்லேலாது, அவ்வளவு நல்லாயிருந்தது. வெளியிலை மழை எண்டு யன்னல் எல்லாம் பூட்டிக்கிடந்ததை நான் யோசிக்கேல்லை.

ரண்டாவது துண்டு வாயுக்குள்ளை இருக்கேக்கை விறாந்தையிலை காலடி கேட்டுது. மூடியை அமத்தி, துணியைச் சுத்தி, போத்தலைக் கட்டிலுக்குக் கீழை தள்ளினன். என்ரை றங்குப்பெட்டியும் அவளின்ரை றங்குப்பெட்டியும் பக்கத்துப் பக்கத்திலை இருந்தது, நடுவிலை ஒரு சாண் இடைவெளி. போத்தல் உருண்டுபோய் அந்த இடைவெளியிலை நிண்டுது. அவளின்ரை பக்கம் தள்ள வேணும் எண்டு நான் நினைக்கேல்லை, இது சத்தியம். துவாயாலை வாயைத் துடைச்சுக்கொண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டன்.

வந்தது மேற்றன் அம்மா. எனக்குத் தலையிடி எண்டு பூசையிலை நிக்காமல் திரும்பி வந்து, பால் காய்ச்சி, தன்ரை கையாலை கொண்டந்தவ. வாசலுக்கு உள்ளை காலை வைச்சவ அப்பிடியே நிண்டா. மூக்கைச் சுழிச்சு ஒருக்கா மணந்தா. பிறகு கோப்பையை யன்னல் படியிலை வைச்சிட்டு, குனிஞ்சு, கட்டில் கட்டிலாப் பாத்துக்கொண்டு வந்தா. ரண்டு பெட்டிக்கும் நடுவிலை கையை விட்டுப் போத்தலை எடுத்தா. எடுத்த உடனை திரும்பினது அவளின்ரை பெட்டிப் பக்கம். என்ரை பெட்டியைக் கண்ணாலையும் பாக்கேல்லை.

“பாவம் பிள்ளை நீ. உந்த நாத்தத்துக்குள்ளை படுத்தால் தலையிடி வராமல் என்ன செய்யும்?” எண்டா.

யன்னலைத் திறந்துவிட்டா. பாலை எடுத்து என்ரை கையிலை தந்தா. என்ரை விரலிலை மாசி எண்ணெய் இருந்தது, நகத்துக்குள்ளை மிளகாய் இருந்தது. கோப்பையை வாங்கிக் குடிச்சன். ஒரு பொய் சொல்லக்கூட எனக்கு வேலை வரேல்லை. அவவே எல்லாத்தையும் எனக்காகச் சொல்லி முடிச்சிட்டா.

பூசை முடிஞ்சு பிள்ளையள் வந்தவுடனை எல்லாரையும் சுத்தி நிப்பாட்டி, அவளைக் கூப்பிட்டவ. கத்தேல்லை. கத்துற மனுசி இல்லை.

“இது என்ன பிள்ளை?”

அவள் போத்தலைப் பாத்தாள். அந்தப் பச்சைப் பூத்துணியைப் பாத்தாள். அந்தப் பாவாடையோடை நான் எத்தினையோ நாள் அவளுக்குப் பக்கத்திலை இருந்து படிச்சிருக்கிறன். பிறகு என்னைப் பாத்தாள். நான் என்ரை காலைப் பாத்தன்.

“என்ரை இல்லை அம்மா” எண்டாள்.

“அப்ப ஆரின்ரை?”

இப்ப சொல்லப்போறாள், இப்ப சொல்லப்போறாள் எண்டு நிண்டன். அவள் சொல்லேல்லை.

“உன்னை எடுக்கவேண்டாம் எண்டு எத்தினை பேர் சொன்னவை தெரியுமோ? நான் நிண்டு எடுத்தனான்” எண்டு மேற்றன் அம்மா சொன்னா. அவவும் உண்மையிலை நொந்துபோனா. பெட்டியைத் திறக்கச் சொன்னவ. ரண்டு சட்டை, புத்தகம், திருநீற்றுப் பொட்டலம், தாய் தந்த கதலிப்பழத்திலை மிச்சம் நாலு. அவ்வளவுதான். “இருந்தது அந்த ஒரு போத்தலாத்தான் இருக்கும்” எண்டு பின்னாலை ஒருத்தி சொன்னாள். என்ரை பெட்டியைத் திறந்திருந்தால் கிழிச்ச பாவாடையின்ரை மிச்சம் மேலையே கிடந்தது. ஒருத்தரும் திறக்கேல்லை.

கட்டில், பாய், தலகணி எல்லாத்தையும் விறாந்தைக்கு எடுத்து, நிலத்தை மஞ்சள் தண்ணி ஊத்திக் கழுவினவை. நானும் வாளி தூக்கினன். சாமியறைக்குப் பூக் கட்டுறது அவளின்ரை முறை, அதை நிப்பாட்டிப்போட்டு என்னட்டைத் தந்தவை. சோதினை வரைக்கும் இருக்கலாம், விறாந்தையிலை தனிய இருந்து சாப்பிடவேணும் எண்டு மேற்றன் அம்மா சொல்லிப்போட்டா. மச்சம் பட்ட பிள்ளைக்கு என்ன விரதம் எண்டு பெட்டையள் சிரிக்கச் சிரிக்க, அவள் மிச்ச ரண்டு நாளும் பாலும் பழமுமாவே இருந்தாள். அதை நம்பின ஆள் அந்த விடுதியிலை நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் காலமை கிணத்தடியிலை, மற்றவை போன பிறகு, அவளுக்குக் கிட்டப் போனன். “நான் போய்ச் சொல்லட்டோ?” எண்டு கேட்டன்.

அவள் வாளியை இறக்கிக்கொண்டு என்னைப் பாத்தாள். “சொல்லுறதெண்டால் என்னட்டை ஏன் கேக்கிறாய்?”

நான் சொல்லேல்லை. வேண்டாம் எண்டு அவள் வாயாலை ஒருக்காச் சொல்லிவிடுவாள், எனக்கு நிம்மதி கிடைக்கும் எண்டுதான் கேட்டது. அதையும் அவள் தரேல்லை. பாறணை அண்டைக்கு, முழு விரதம் பிடிச்ச பிள்ளை எண்டு எனக்குத்தான் முதல் இலை போட்டவை. மேற்றன் அம்மா தன்ரை கையாலை சோறு பரிமாறினா. விறாந்தைப் பக்கம் பாக்காமல் சாப்பிட்டன்.

அம்மா வந்தபோது அழுதழுது சொன்னன். அம்மா வாசலைத் திரும்பிப் பாத்துப்போட்டு, “உன்ரை பேர் வெளியிலை வரேல்லைத்தானே?” எண்டு கேட்டா. இல்லை எண்டன். “நல்லகாலம். வாயைப் பொத்திக்கொண்டு இரு. கடற்கரைப் பக்கத்தாக்கள், அவைக்கு உதெல்லாம் ஒரு பெரிய விசயமே?” எண்டா. எனக்குக் கோவம் வந்திருக்க வேணும். வரேல்லை, ஆறுதலா இருந்தது.

கார்த்திகையிலை பரிசளிப்பு. நல்லொழுக்கப் பரிசு எண்டு என்ரை பேரைக் கூப்பிட்டவை. போய்க் கும்பிட்டு வாங்கினன். இறங்கி வரேக்கை பாத்தன், அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் தட்டேக்கை தட்டாமல் இருந்தால் அதுக்கும் ஒரு கதை வரும் எண்டு அவளுக்குத் தெரியும். அந்தச் சிமிழ் இப்பவும் அலுமாரியிலை ஒரு துணிக்குள்ளை கிடக்குது. ஒருநாளும் அதிலை குங்குமம் வைச்சதில்லை, எறியவும் துணிவில்லை.

சோதினை முடிஞ்சு, நற்சாட்சிப் பத்திரம் எடுக்க ரண்டு பேரும் ஒரே நாள்தான் போனம். எனக்கு நடத்தை, மிக நன்று. அவளுக்கு நடத்தை, திருப்திகரம். வெளியாலை ஆருக்கும் அது பிழையான சொல்லாத் தெரியாது. பத்திரம் வாசிக்கிற ஆக்களுக்குத் தெரியும். அவள் ரண்டு தரம் வாசிச்சாள். “இது காணாது” எண்டாள், எனக்குச் சொன்ன மாதிரியும் இல்லை. மடிச்சுப் புத்தகத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு நடந்தாள். பெறுபேறு வந்தபோது அவளுக்கு என்னை விட எத்தினையோ மடங்கு திறம். நேர்ஸிங்குக்கு விண்ணப்பிச்சாளாம், கூப்பிடேல்லையாம். அதுக்கு அந்த ஒரு சொல்லுத்தான் காரணமோ தெரியாது. தெரியாது எண்டு எத்தினையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பாத்திட்டன். அடுத்த வருசம் அவளுக்குக் கலியாணம் முடிஞ்சுது எண்டு ஆரோ சொன்னவை.

நான் ரீச்சர் ஆனன். நல்ல பத்திரம் வைச்சிருந்தன் எல்லோ. அந்தப் போத்தலுக்குப் பிறகு மச்சம் தொட்டதில்லை. அதை, நான் செய்த பிழைக்குத் தண்டனை எண்டுதான் நினைச்சன். கண்ட பலன், எனக்குச் சுத்த சைவம் எண்டு இன்னும் ஒரு நல்ல பேர் கூடிச்சுது.

எண்பது, எண்பத்தொண்டு இருக்கும். அப்ப நான் கடற்கரைக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சுக்கொண்டிருந்தன். ஒருநாள் இடைவேளை நேரம், ஆசிரியர் அறையிலை நாலு பேர் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்க, ஒரு மனுசி மகளைக் கூட்டிக்கொண்டு வாசலிலை வந்து நிண்டா. ஆறாம் வகுப்புக்குச் சேக்க வந்தவ. நான் உடனை அடையாளம் கண்டிட்டன், என்ரை பக்கத்துக் கட்டில்காரி. நிண்ட நிலையிலையே எனக்குத் தெரிஞ்சுது.

கதிரையை இழுத்து இருக்கச் சொன்னன். என்ன கதைக்கிறதெண்டு தெரியாமல், பிள்ளையின்ரை பேரைக் கேட்டு, வயசைக் கேட்டு, வீடு எங்கை எண்டு கேட்டன். எல்லாத்துக்கும் மறுமொழி சொன்னாள். என்னை நீங்கள் எண்டுதான் கதைச்சாள். பிறகு சிரிச்சுக்கொண்டு, “வெறுங்கையோடை வந்திட்டன் ரீச்சர். எங்கடை பக்கத்திலை இருந்து கொண்டாறதெண்டால் றாலும் கருவாடும்தான். நீங்கள் சைவம் எண்டு கேள்விப்பட்டன்” எண்டாள்.

நான் வாய் திறக்க முந்தி பக்கத்துக் கதிரை ரீச்சர் பெருமையாச் சொன்னா: “ஓம் ஓம், எங்கடை ரீச்சர் சின்னனிலை இருந்தே சுத்த சைவம். கந்தசட்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான்.”

“சின்னனிலை இருந்தோ?” எண்டு கேட்டாள். அந்த ரீச்சரிட்டைக் கேக்கேல்லை. என்னைப் பாத்துக் கேட்டாள்.

நாலு பேரும் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தவை. தேத்தண்ணிக் கோப்பை என்ரை கையிலை.

“ஓம்” எண்டன்.

அவள் தலையை ஆட்டினாள். பத்திரம் எல்லாம் நிரப்பிக் குடுத்திட்டு எழும்ப, நானும் பின்னாலை படலை வரைக்கும் போனன். பன்ரண்டு வருசமா மனசிலை வைச்சிருந்ததைச் சொல்ல வேணும் எண்டுதான் போனது. மகள் கொஞ்சம் முன்னுக்குப் போய் நிண்டாள்.

“அண்டைக்கு நீ என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. நான் அதை மறக்கேல்லை” எண்டன். அவள் என்னிலை இருந்த அன்பாலை வாயை மூடிக்கொண்டு இருந்தவள் எண்டுதான் நான் இத்தினை வருசமும் நினைச்சுக்கொண்டிருந்தன். அந்த நினைப்பு எனக்கு ஒரு தலகணி.

அவள் நிண்டாள். “உன்னைக் காப்பாத்தினதெண்டு நினைச்சியோ?” எண்டு கேட்டாள். குரலிலை கோவம் இல்லை. இப்பதான் ‘நீ’ எண்டாள். “நான் உன்னைச் சொல்லியிருந்தால் ஆர் நம்பியிருப்பினம்? மச்சம் கொண்டந்தவள் எண்ட பேரோடை பொய்க்காரி எண்ட பேரும் சேர்ந்திருக்கும். சோதினையும் எழுதியிருக்கேலாது. அங்கை நீ சொன்னால் மட்டும்தான் எடுபடும். அதுக்குத்தான் உன்னைப் பாத்தனான்.”

“பதினைஞ்சு வயசெல்லே அப்ப. பயந்திட்டன்” எண்டன்.

“ஓம், பதினைஞ்சு வயசுதான்” எண்டாள். “அதாலைதான் இப்ப உள்ளுக்கை வைச்சு இன்னொருக்காக் கேட்டுப் பாத்தனான்.”

பஸ் வந்தது. மகளைக் கூப்பிட்டு, “ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டு வா” எண்டாள். பிள்ளை ரண்டு கையையும் கூப்பி, “போட்டு வாறன் ரீச்சர்” எண்டுது. ரண்டு பேரும் ஏறினவை. அவள் திரும்பிப் பாக்கேல்லை. பஸ் வளைவாலை திரும்பு மட்டும் நான் படலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

“ரீச்சர், தேத்தண்ணி ஆறுது” எண்டு உள்ளை இருந்து கூப்பிட்டவை. போனன். நாலு பேரும் அப்பிடியே இருந்தவை. “ஆர் உவ?” எண்டு ஒருத்தி கேட்டா. கூடப் படிச்சவ எண்டன். கதிரையிலை இருந்து, ஆறின தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சன். அப்பவும் சொல்லேல்லை.